ஒட்டுத்துணியின் விலை

குளிருக்காகத் தைத்த போர்வைகள் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறியபோது அலபாமாவின் ஓர் ஆற்று வளைவு உலகப் புகழ் பெற்றது. தைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பது வேறு கதை.

கேம்டன் படகுத்துறையில் நின்று பார்த்தால் அக்கரை தெளிவாகவே தெரிகிறது. அலபாமா ஆறு அங்கே அகலமாக, அவசரமில்லாமல் நகர்கிறது. சில கார்களையும் அவற்றில் வந்தவர்களையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் படகில் இரைச்சலே இல்லை. 2019 முதல் அது மின்கலத்தில் ஓடுகிறது; அமெரிக்காவில் பயணிகளையும் கார்களையும் ஏற்றும் படகுகளில் முழுக்க மின்சாரத்துக்கு மாறியது இதுவே முதல். அரை மணிக்கும் குறைந்த நேரத்தில் அக்கரை. படகைத் தவறவிட்டவர்கள் சாலை வழியாகச் சுற்றிவர வேண்டும்: ஏறத்தாழ 40 மைல், ஒரு மணி நேரம். அந்தச் சுற்றுவழியை இந்த ஊர் 44 ஆண்டுகள் நடந்தும் வண்டியிலும் கடந்தது. அதற்குக் காரணம் ஆறு அல்ல.

ஊரின் பெயர் ஜீஸ் பெண்ட், அதாவது ஜீயின் வளைவு. தபால் இலாகாவின் கணக்கில் பாய்கின். மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டிருக்க, உள்ளே வருவதற்கு ஒரே ஒரு சாலை. 2010 கணக்கெடுப்பில் 275 பேர். அநேகமாக அனைவரும் கறுப்பர்கள். சாலையோரம் ஆங்காங்கே பெரிய பலகைகள் நிற்கின்றன. விளம்பரமோ என்று நெருங்கினால், போர்வையின் படம். கோணல்மாணலான சதுரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருங்கும் கட்டங்கள், சிவப்புக்குப் பக்கத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பழுப்பு. 2006-இல் அமெரிக்கத் தபால் துறை இந்த ஊரின் பத்துப் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது. பலகைகளில் இருப்பவை அவைதாம்.

அமெரிக்கர்கள் குவில்ட் என்று சொல்வதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் கிடையாது. மேலே ஒட்டுப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. மூன்றும் விலகாமலிருக்க நெடுக நூல் ஓட்டம். மும்பைத் தமிழர்களிடம் கோதடி என்றால் புரியும். கொல்கத்தாவில் இருப்பவர்களுக்குக் காந்தா. வட கர்நாடகத்தில் கவுதி. உத்தர கன்னடக் காடுகளில், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களான சித்திப் பெண்கள் கவந்தி தைக்கிறார்கள். தமிழ்நாட்டில், குளிர் அவ்வளவாக இல்லாததாலோ என்னவோ, பாட்டியின் பழைய சேலையை நாலாக மடித்துக் குழந்தைக்கு விரிப்பதோடு இந்தக் கலை நின்றுவிட்டது.

ஜீஸ் பெண்டில் குளிர் உண்டு. சூடேற்ற வழியில்லாத மரக் குடிசைகளும் இருந்தன. பலகை இடுக்குகளில் காற்று புகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய செய்தித்தாள் ஒட்டினார்கள். 1937-இல் அரசுக்காகப் படமெடுக்க வந்த ஆர்தர் ராத்ஸ்டைன் இங்கே ஒரு சிறுமியைச் சன்னலோரம் நிறுத்தி எடுத்த படம் பிரசித்தமானது. அவளுக்கு அருகே, சன்னல் கதவில் ஒட்டிய செய்தித்தாள் விளம்பரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தின்பண்டத்தை நீட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு பெட்வே என்றுதான் குடும்பப் பெயர். அவர்களெல்லாம் ஒரே குடும்பம் அல்ல. 1816-இல் இங்கே பருத்தித் தோட்டம் போட்ட ஜோசப் ஜீயின் வாரிசுகளிடமிருந்து, கடனுக்கு ஈடாக நிலத்தைப் பெற்றவர் மார்க் பெட்வே. 1846-இல் அவர் வட கரோலினாவிலிருந்து இங்கு குடிபெயர்ந்தபோது சுமார் நூறு அடிமைகள் அவ்வளவு தூரத்தையும் நடந்தே வந்தார்கள். எஜமானின் பெயர் அவர்கள்மீது ஒட்டிக்கொண்டது. அடிமை முறை ஒழிந்த பின்னும் நிலம் அவர்களுக்கு இல்லை, வாரத்துக்கு உழுதார்கள். விதைக்கும் உணவுக்கும் கடன் தந்துவந்த ஒரு வியாபாரி இறந்ததும், 1932-இல் அவருடைய குடும்பத்தார் ஆட்களை அனுப்பிப் பாக்கிக்கு ஜப்தி செய்தார்கள். மாடு, கலப்பை, கோழி, அறுவடை செய்து வைத்திருந்த சோளம் எல்லாம் போயிற்று. அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவு கொண்டு கடந்தார்கள். பிறகு மத்திய அரசே தோட்டத்தை விலைக்கு வாங்கி, வீடு கட்டி, 1940-களில் குடியிருந்தவர்களுக்கே தவணையில் விற்றது. தென் மாநிலக் கறுப்பர்களில் மிகச் சிலருக்கே வாய்த்த சொந்த நிலம் இப்படித்தான் வந்தது.

இந்தக் காலம் முழுவதும் பெண்கள் தைத்துக்கொண்டே இருந்தார்கள். கடையில் துணி வாங்கி அல்ல. மாவுச் சாக்கு, உரச் சாக்கு, முழங்கால் தேய்ந்த டெனிம், வெயிலில் வெளுத்த சட்டை. பஞ்சுக்குக்கூட, ஜின்னிங் ஆலையின் தரையில் கூட்டிய கழிவைக் கொண்டுவந்து கோலால் அடித்துத் தூசி நீக்கிப் பயன்படுத்தினார்கள். டெனிமில் சட்டைப் பையைப் பிரித்த இடம் மட்டும் வெளுக்காமல் கருநீலமாக நிற்கும். அதை மறைக்கவில்லை. அந்தக் கருநீலச் சதுரம் எங்கே விழ வேண்டும் என்று பார்த்து வைத்தார்கள்.

1942-இல் மிசௌரி பெட்வே என்பவர் தைத்த போர்வை ஒன்று உண்டு. கணவர் இறந்த பிறகு அவருடைய வேலை உடைகளை எடுத்து வெட்டி, அவரை நினைத்துக்கொண்டு அதற்குள் படுத்துக்கொள்ள வேண்டும் என்று தைத்தது. உடனிருந்து உதவிய மகள் அர்லோன்சியா பல ஆண்டுகளுக்குப் பிறகு இதைச் சொன்னார். வெளுத்த நீலமும் சாம்பலும் நீண்ட பட்டைகளாகத் தெரியும் அந்தப் போர்வை இப்போது வாஷிங்டனில் நேஷனல் கேலரியில் இருக்கிறது.

தையல் கற்றுக்கொடுக்கும் பள்ளி எதுவும் ஊரில் கிடையாது. அமெரிக்காவின் மற்றச் சிற்றூர்களில் குவில்ட் கடை என்று ஒன்று இருக்கும். முன்பக்கம் துணிச் சுருள்கள், அளவாக நறுக்கிக் கட்டிய துண்டுகள், நூல், ஊசி. பின்பக்கம் ஒரு நீண்ட மேசை. மாலையில் அந்த மேசையைச் சுற்றிப் பெண்கள் கூடுவார்கள். வகுப்பு என்று பெயர். பேச்சும் பலகாரமும் அதில் பாதி. விதவையானவர், பிள்ளைகள் வெளியூர் போய்விட்டவர், புதிதாகக் குடிவந்தவர் எல்லாரையும் அந்த மேசை சேர்த்துக்கொள்ளும். பெருங்கடைகளும் இணைய வணிகமும் இவற்றை நெருக்கின. பிறகு பெருங்கடைகளுக்கே காலம் முடிந்தது. 1943-இல் தொடங்கிய ஜோஆன் என்ற துணிக்கடை நிறுவனம் 2025-இல் தன் ஏறத்தாழ 800 கிளைகளையும் மூடியபோது, தையல் பழகிய அமெரிக்கப் பெண்கள் துக்கம் விசாரிப்பதுபோல ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள்.

ஜீஸ் பெண்டில் அந்த மேசைக்குப் பதில் ஒரு மரச் சட்டம். கூரையிலிருந்து கயிற்றில் தொங்கும். தைக்கும்போது இறக்கிக்கொள்வார்கள், இரவில் ஏற்றிவிடுவார்கள். மேல்துணியில் ஒட்டுச் சேர்ப்பது தனி வேலை. அதை ஒருத்தி தன் வீட்டில், தன் மனம்போல, தானே செய்வாள். பஞ்சும் அடித்துணியும் வைத்துச் சட்டத்தில் கட்டி நூல் ஓட்டும்போதுதான் அக்கம்பக்கத்துப் பெண்கள் சட்டத்தின் நான்கு பக்கமும் உட்காருவார்கள். தேவாலயப் பாட்டு, ஊர் வம்பு, பிரார்த்தனை. கீழே சிறுமிகள் ஊசியில் நூல் கோத்துக் கோத்து மேலே கொடுப்பார்கள். நூல் கோப்பவளுக்கு ஒருநாள் துண்டுத் துணிகள் கிடைக்கும், அவ்வளவுதான் பாடத்திட்டம்.

உருமாதிரிகளுக்குப் பெயர்கள் இருந்தன. சதுரத்தைச் சுற்றிச் சதுரம் வளர்ந்தால் வீட்டுக்கூரை. நீண்ட பட்டைகளை வரிசையாகச் சேர்த்தால் சோம்பேறிப் பெண். செங்கல் அடுக்குப்போல் போனால் கொத்தனார். ஆனால் யாரும் அந்த மாதிரியை அப்படியே தைப்பதில்லை. பாதி வழியில் துணி தீர்ந்துவிடும். கையில் இருப்பதை வைத்து வளைக்க வேண்டியதுதான். தாயின் போர்வையை மகள் நகலெடுத்தால் பெருமை இல்லை. "என் போக்கு" என்று இதற்கு ஊரிலேயே ஒரு சொல் உண்டு. பிற்காலத்தில் நிபுணர்கள் இந்த இரண்டு சொல்லுக்கு எத்தனையோ பக்கங்கள் எழுதினார்கள்.

1960-களில் ஊரின் அமைதி கலைந்தது. கறுப்பர்கள் படகேறி மாவட்டத் தலைநகரான கேம்டனுக்குப் போய் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முயன்றார்கள். 1962-இல் படகு நின்றது. நிறுத்தியவர்கள் பழுது என்றோ செலவு என்றோ சொல்லிச் சமாளிக்கவும் மெனக்கெடவில்லை. தாங்கள் கறுப்பர்கள் என்பதை அவர்கள் மறந்துவிட்டதால்தான் நிறுத்தினோம் என்று அன்றைய ஷெரிஃப் சொன்னதாக இன்றும் பேச்சு. அதே பத்தாண்டில் ஆற்றின் குறுக்கே எழுந்த அணை, ஊரின் நல்ல விளைநிலங்களை மூழ்கடித்தது. 1965 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் ஒரு மழை இரவில் இங்கே வந்து பேசினார். அடுத்து வந்த மாதங்களில், சுற்றுவட்டாரத்தில் வெள்ளையர் நிலத்தில் குடியிருந்து பெயர் பதிந்த பலர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பரில் பிரான்சிஸ் வால்ட்டர் என்ற வெள்ளைப் பாதிரியார், இப்படி வெளியேற்றப்பட்டவர்களின் விவரம் சேகரிக்க வந்து, வழி தவறி ஒரு முட்டுச் சாலையில் நின்றார். எதிரே ஒரு குடிசை. கொடியில் மூன்று போர்வைகள். அவற்றின் துணிச்சலான வடிவங்களைப் பார்த்து அசந்துபோய் வீட்டுக்காரம்மாளிடம் பேசப் போனால், ஒரு வெள்ளைக்காரன் வருவதைக் கண்ட அந்த அம்மாள் காட்டுக்குள் ஓடிவிட்டார்.

வால்ட்டர் பிற்பாடு துணைக்கு ஆளோடு திரும்பி வந்தார். ஒரு போர்வைக்கு 10 டாலர் என்று விலைபேசி நூற்றுக்கும் குறைவான போர்வைகளைத் திரட்டி நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966 மார்ச்சில் ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சுதந்திரத் தையல் கூட்டம் என்று சொல்லலாம். ஜீஸ் பெண்டிலிருந்து சற்றுத் தள்ளி ஆல்பர்ட்டா என்ற இடத்தில் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண்மணி நெடுங்காலம் அதை நிர்வகித்தார். பருத்தி எடுக்கும் கூலியைத் தவிர வேறு காசு பார்த்திராத பெண்கள், வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கள் பெயருக்குக் காசோலை வாங்கினார்கள். சங்கம் நிலம் வாங்கி, வீடிழந்த சில குடும்பங்களுக்கு மனையும் கொடுத்தது. ஒரு தையல் சங்கம் இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

ஆனால் நியூயார்க்கின் பெரிய கடைகளுக்கு "என் போக்கு" பிடிக்கவில்லை. அவர்களுக்கு நூறு போர்வை கேட்டால் நூறும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நிறம் அவர்கள் சொன்னபடி, தையல் அங்குலத்துக்கு இத்தனை என்று. 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் தலையணை உறைகளுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. பெண்கள் அச்சுப்போல் தைத்து அனுப்பினார்கள். மிஞ்சிய கார்டுராய் வெட்டுத்துண்டுகள், பச்சையும் பொன்னும் சிவப்புமாக, மூட்டையாக வீடுகளுக்கு வந்தன. பகலில் உறை, இரவில் போர்வை. எழுபதுகளில் ஜீஸ் பெண்ட் வீடுகளில் உருவான தடித்த, பளிச்சென்ற கார்டுராய்ப் போர்வைகளை இன்று அருங்காட்சியகங்கள் போட்டி போட்டு வைத்திருக்கின்றன. தலையணை உறைகளைத் தேடுவார் யாருமில்லை.

தொண்ணூறுகளில் ஊரில் தையல் குறைந்துவிட்டது. கடையில் கம்பளி மலிவாகக் கிடைத்தது. 1998-இல் அட்லாண்டாவைச் சேர்ந்த வில்லியம் ஆர்நெட் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளர் ஒரு புகைப்படத்தோடு வந்தார். விறகுக் குவியல்மேல் விரித்த ஒரு போர்வை அதில் இருந்தது. தேடிப்பிடித்த தையற்காரர் ஆனி மே யங், நேரமோ இரவு. கொசுவை விரட்டப் பழைய போர்வைகளைக் கொளுத்துவது அங்கே வழக்கம். முந்தைய வாரம்தான் சிலவற்றைக் கொளுத்தியிருந்தார். இதுவும் அதில் போயிருக்கும் என்று நினைத்தார். மறுநாள் கட்டிலடியிலும் அலமாரியிலும் தேடியபோது கிடைத்தது. சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆர்நெட் அதற்கும் வேறு சிலவற்றுக்குமாகச் சில ஆயிரம் டாலர் கொடுத்தார்.

2002-இல் ஹியூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் ஜீஸ் பெண்ட் போர்வைகளின் கண்காட்சி. தொடர்ந்து நியூயார்க்கின் விட்னியில். நியூயார்க் டைம்ஸின் கலை விமர்சகர் மைக்கேல் கிம்மெல்மன், அமெரிக்கா உண்டாக்கிய நவீனக் கலையின் மிக அற்புதமான படைப்புகளுள் இவை அடங்கும் என்று எழுதினார். மத்தீஸ், பவுல் க்ளே என்று பெயர்கள் அடிபட்டன. வெள்ளைச் சுவரில், விளக்கொளியில், தன் கட்டில்மேல் கிடந்த போர்வை தொங்குவதைப் பார்த்த கிழவிகள் சிலர் அழுதார்கள். அந்த அழுகையில் பெருமை மட்டும்தான் இருந்தது என்று சொல்லிவிட முடியாது.

ஏனென்றால் பணம் எங்கே போகிறது என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. போர்வையின் வடிவங்கள் தரைவிரிப்பு, படுக்கைவிரிப்பு என்று பல சரக்குகளில் ஏறின. 2007-இல் மூன்று பெண்கள் ஆர்நெட் குடும்பத்தார்மீது வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவர், புகைப்படத்துப் போர்வையைத் தைத்த அதே ஆனி மே யங். குற்றச்சாட்டுகளை ஆர்நெட் தரப்பு மறுத்தது. 2008-இல் சமரசத்தில் வழக்கு முடிந்தது. ஆர்நெட் இல்லாவிட்டால் போர்வைகள் கொசுப்புகையாகப் போயிருக்கும் என்பவர்கள் ஊரிலேயே உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு. வீட்டுப் பொருளாக இருந்தபோது அதற்கு விலை இல்லை. கலைப்பொருள் ஆனபோது விலை சொல்லும் இடத்தில் தைத்தவள் இல்லை. நம் நாட்டில் காந்தாவும் கைத்தறியும் நெய்து, தைத்து, நகரத்துக் காட்சிக்கூடத்து விலைச்சீட்டைப் பார்த்து மலைப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கு மெல்ல மெல்லச் சரிசெய்யப்பட்டுவருகிறது. ஆர்நெட் தொடங்கிய ஸோல்ஸ் க்ரோன் டீப் அறக்கட்டளை, பிற்காலத்தில் பல அருங்காட்சியகங்களுக்குப் போர்வைகளைச் சேர்ப்பித்ததோடு, தையற்காரர்களின் காப்புரிமையைப் பதிவு செய்யவும் உதவியது. 2003-இல் ஊர்ப் பெண்களே ஒரு கூட்டுச் சங்கம் அமைத்தார்கள். 2015-இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசி மிங்கோ, லொரெட்டா பெட்வே மூவருக்கும் நாட்டின் உயரிய நாட்டார் கலை விருது கிடைத்தது. 2021-இல் சில பெண்கள் எட்ஸி இணையச் சந்தையில் தத்தம் பெயரில் கடை திறந்தார்கள். யார் தைத்தாரோ அவர் பெயர், அவர் சொல்லும் விலை. நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரக்கணக்கான டாலர்வரை. 2024-இல் டார்கெட் என்ற பெருங்கடை நிறுவனம் இவர்களின் வடிவங்களைக் கொண்டு சட்டையும் கோப்பையும் விற்றபோது மட்டும் பழைய கேள்வி எட்டிப்பார்த்தது: விற்பனையில் பங்கு இல்லை, ஒரு மொத்தத் தொகைதான்.

ஃப்ரீடம் குவில்டிங் பீ 2012-இல் மூடப்பட்டது. கடைசி உறுப்பினர்கள் மூப்பெய்திவிட்டார்கள். படகு மட்டும் 2006-இல் திரும்பி வந்திருந்தது. அதில் இப்போது வருபவர்களில் கணிசமானவர்கள், மற்றச் சிற்றூர்க் குவில்ட் கடைகளின் பின்மேசைகளில் பழகிய பெண்கள். ஜீஸ் பெண்ட் பாணி என்று புத்தகத்தில் பார்த்துத் தைத்துவிட்டு, அசலைத் தைப்பவர்களிடமே கற்க வருகிறார்கள். மேரி ஆன் பெட்வே போன்றவர்கள் இந்த ஊரிலும், அழைத்தால் வெளி மாநிலங்களுக்குப் போயும் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். வகுப்பில் பாட்டும் உண்டு. தேவாலயப் பாட்டு இல்லாமல் இங்கே ஊசி ஓடாது.

வருபவர்களுக்கு முதல் தடுமாற்றம் அளவுகோல். கால் அங்குலம் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைக்கப் பழகியவர்கள் அவர்கள். இங்கே துணியைக் கிழித்தோ கண்ணளவில் வெட்டியோ பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்; பிடித்தால் தைக்கிறார்கள். மாதிரி எங்கே என்று கேட்டால் மாதிரி இல்லை. இதைக் கற்பிக்க முடியுமா என்பது நியாயமான ஐயம்தான். பற்றாக்குறையிலிருந்து பிறந்த ஒரு கண்ணை, பை நிறையப் புதுத்துணியோடு வருபவருக்கு இரண்டு நாளில் கொடுத்துவிட முடியுமா? ஆனால் வகுப்புக்குக் கட்டணம் உண்டு, அது கற்பிப்பவரின் கைக்குப் போகிறது. ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊசியைத் தொடுவார்கள் என்ற கவலையில், இந்த வரும்படி ஒரு பதிலாகவும் இருக்கலாம். வேலை தேடி வெளியூர் போவதுதான் இளையவர்களின் வழக்கம். ஒரு போர்வையில் சில மாதச் செலவு தேறும் என்று தெரிந்தபின் தையலுக்குத் திரும்பியவர்களும் சிலர் இருக்கிறார்கள்.

2022 அக்டோபரில் ஊர்ப் பெண்கள் புதிதாக ஒரு விழா தொடங்கினார்கள். குளிர்காலத்துக்கு முன் போர்வைகளை வெளியே கட்டிக் காற்றாட விடுவது பழைய பழக்கம், அதையே விழாவாக்கிவிட்டார்கள். அன்று வீட்டுக் கொடிகளிலும் வேலிகளிலும் சாலையோரத்திலும் போர்வைகள். பழையவை பார்ப்பதற்கு, புதியவற்றில் விலைச்சீட்டு. வெளியூர்க் கார்கள் வரிசைகட்டி நிற்க, ஒவ்வொரு கொடிக்கும் அருகில் அதைத் தைத்தவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். யாராவது நெருங்கி வந்தால், எந்தத் துண்டு யாருடைய சட்டை என்று சொல்லத் தொடங்குகிறார்.